அத்தான் மேனியில் ஒரு கறையும் இல்லை

ஜூன் 9

மருமகளுக்கு,

நலமா என்று கேட்க மனசு வரவில்லை. கேட்கவும் போவதில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது கோபத்தில் என்று தெரிந்துகொள்.

உன் வீட்டிலிருந்து நான் கூட்டிவந்த உன் மாமியார், என் அக்கா, இங்கே என் அறையில் படுத்திருக்கிறாள். நன்றாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் கண்ணை மூடினால் அந்தக் கை தெரிகிறது. அன்று உன் வீட்டில், வெயில் இப்படிக் கொளுத்தும்போது இவளுக்கு எதற்கு முழுக்கைச் சட்டை என்று கேட்டுக்கொண்டே நான்தான் பொத்தானைக் கழற்றினேன். முழங்கைக்கு மேலே நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் அச்சுக் குத்தின மாதிரி. ஒரு கையில் கருநீலம், இன்னொரு கையில் மங்கிய மஞ்சள். புதுசு ஒன்று, பழசு ஒன்று. முன்கையில் தோல் உரிந்து காய்ந்த பொருக்கு வேறு. நீ தண்ணீர் டம்ளரோடு வாசற்படியில் நின்றாய். "அது ஒண்ணும் இல்ல சின்னத்தை, தூக்கறப்ப ஆகுது" என்றாய். ஒன்றும் இல்லையாம்.

அக்காவின் காதருகே குனிந்து கேட்டேன். "அவ உன்னை அடிச்சாளா?" பக்கவாதத்தில் பேச்சு போனாலும் அவளுக்குக் காது போகவில்லை. என் முகத்தைப் பார்த்து "ஆமா" என்றாள். உன் எதிரில்தான் சொன்னாள்.

அது போதாதென்றால் பக்கத்துக் கட்டிலில் அத்தான் இருந்தார். அவளைவிட ஐந்து வயது மூத்தவர், எண்பதைத் தொடப் போகிறவர், அவரும் எழுந்து நடக்காதவர். அவரையும் நீதான் தூக்குகிறாய், நீதான் துடைத்துவிடுகிறாய். இரண்டு பேரும் விழுங்குவது இரத்தம் உறையாமல் இருக்கிற அதே மாத்திரை. நான் அவர் சட்டையையும் விலக்கிப் பார்த்தேன். "என்னம்மா, எனக்குப் பொண்ணு பாக்கப் போறியா" என்று அந்த நிலையிலும் கேலி பேசினார். அவர் மேனியில் ஒரு கறையும் இல்லை. தூக்கினால் வருகிற கறை மாமனாருக்கு வராமல் மாமியாருக்கு மட்டும் எப்படி வரும்? யார் மேல் உனக்கு ஆத்திரம் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல வேண்டும்?

தெருவில் நின்று நாலு பேர் காதில் விழச் சொன்னேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். இருக்கட்டும். இந்தக் குடும்பத்தில் நான் சொல்லி ஒரு பேச்சு இதுவரை பொய்யானதில்லை. கப்பலில் இருக்கிற உன் புருஷனிடம் நீயே உண்மையைச் சொல்ல ஒரு வாரம் தருகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்வேன்.

உன் மாமியாரின் தங்கை


ஜூன் 14

சின்னத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்தது.

நான் அத்தையை அடிக்கவில்லை. இதை ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே போகிறேன். எத்தனை விதமாக எழுதினாலும் நீங்கள் நம்பப் போவதில்லை.

அவசரத்தில் நீங்கள் விட்டுப் போன சாமான்களைப் பார்சலில் போட்டிருக்கிறேன். கண்ணாடி, பல்செட், மாத்திரைகள், தலையணைக்கு அடியில் அவர் வைத்திருக்கும் கைக்குட்டை. முழுக்கைச் சட்டைகளும் இருக்கின்றன. கட்டில் கம்பி உரசினாலே அவருக்குத் தோல் வழன்றுவிடுகிறது, அதற்காகத்தான் போட்டுவிடுவேன். ஒட்டுகிற பிளாஸ்திரி போடாதீர்கள், பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். தூக்குவதற்கு முன்னால் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றும் அவர் கையில் ஒரு காயம் ஆன பிறகு தெரிந்துகொண்டது.

அத்தை "ஆமா" என்றதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது அவரிடம் இருக்கிற வார்த்தை அது ஒன்றுதான். பசிக்குதா என்றால் ஆமா. வயிறு நிறைஞ்சுதா என்றாலும் ஆமா. நீங்களே வேறு எதையாவது கேட்டுப் பாருங்கள்.

மாமா காலையில் கண் விழித்ததும் பக்கத்துக் கட்டிலைப் பார்க்கிறார். "எங்க அவ?" என்று கேட்கிறார். தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க என்கிறேன். "என்னைக் கேக்காம போகமாட்டாளே" என்கிறார். சாயங்காலத்துக்குள் மறந்துவிட்டு மறுபடி கேட்கிறார்.

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் என்னை முன்பக்கத்திலிருந்து எடுத்து, பின்னால் பெட்டி அடுக்கப் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் நல்லவர், காரணம் சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டு அக்கா மருந்து வாங்க வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து அவற்றைப் பார்த்தேன்.

அத்தையைத் திரும்ப அனுப்புங்கள். எனக்காகக் கேட்கவில்லை.

உங்கள் அக்கா மருமகள்


ஜூன் 19

மருமகளுக்கு,

பார்சல் வந்தது. பாடம் நடத்தியதற்கு நன்றி. எனக்கு மூன்று பிள்ளை, ஐந்து பேரப்பிள்ளை. ஒரு மனுஷியை எப்படித் தொடுவது என்று உன்னிடம் படிக்க வேண்டிய நிலை எனக்கு இன்னும் வரவில்லை.

அக்காவின் கையில் இருந்த நீலம் எல்லாம் மஞ்சளாகி, மஞ்சளும் மறைந்துகொண்டு வருகிறது. இங்கே வந்து புதிதாக ஒரு புள்ளிகூட விழவில்லை. இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்? உன் வீட்டில் விழுந்தது, என் வீட்டில் விழவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஆயா ஒருத்தியை என் மகன் ஏற்பாடு செய்திருந்தான். அவள் அக்காவைக் கையால் தொடுவதே இல்லை. அடியில் ஒரு போர்வையை விரித்து, இரண்டு பேர் நாலு முனையையும் பிடித்து, அரிசி மூட்டையை நகர்த்துவது மாதிரி நகர்த்தினாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. இவள் என் கூடப் பிறந்தவள், சரக்கு இல்லை என்று சொல்லி நேற்றோடு நிறுத்திவிட்டேன். இனி என் அக்காவை நான் தூக்குவேன். இங்கே இருக்கிற என் மருமகள் "வேணாம் அத்தை, உங்களுக்கு இடுப்பு வலி" என்றாள். இடுப்பு என்னுடையது.

வேறு கேள்வி கேட்டுப் பார்க்கச் சொன்னாய். கேட்க மாட்டேன். பொய் சொல்லத் தெரியாதவளைச் சோதிப்பது எனக்கு அவமானம்.

ஒரு வாரம் கழிந்தும் நீ வாயைத் திறக்கவில்லை. உன் புருஷனிடம் நானே பேசிவிட்டேன்.

உன் மாமியாரின் தங்கை


ஜூன் 24

சின்னத்தைக்கு,

அவர் கூப்பிட்டார். கப்பல் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. விழுந்தது இவ்வளவுதான்: "அம்மாவை அடிச்சியா?" இல்லை என்றேன். அதோடு லைன் தானாகவே போயிற்று. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் என்னிடம் அவர் கேட்ட கேள்விகளில் இதற்குத்தான் பதில் சொல்லியும் சொல்லாத மாதிரி ஆயிற்று.

போர்வையோடு தூக்கலாம் என்று எனக்குத் தெரியாது. இங்கே இரண்டாவது ஆள் இல்லை என்றாலும், ஏதாவது செய்து பார்த்திருப்பேன். அந்த ஆயாவைத் திரும்பக் கூப்பிடுங்கள். தயவுசெய்து.

அக்கா மருமகள்


ஜூலை 2

மருமகளுக்கு,

இதை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்தாயிற்று. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆயாவை அனுப்பிய பிறகு நான்தான் அக்காவைத் தூக்கினேன். கக்கத்தில் கை கொடுத்து, மேல்கையைப் பிடித்து, மெதுவாக, என் உயிரை எடுத்து உட்கார வைப்பது போல உட்கார வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் என் மருமகள் அவளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். மேல்கையில் நாலு விரல், ஒரு கட்டைவிரல். அதே நீலம். யார் பண்ணினது என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். என் மருமகள் என் கையை எடுத்து அந்த அச்சின் மேல் வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. மோதிர விரலுக்குக் கீழே பட்டையாக ஒரு கறுப்பு. இந்த வீட்டில் மோதிரம் போட்டிருக்கிறவள் நான் ஒருத்திதான்.

அப்போதாவது புத்தி வந்ததா என்றால் இல்லை. கட்டில் இடுக்கில் சிக்கியிருக்கும், கம்பி பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் குளியலறையில் நாற்காலியிலிருந்து அக்கா சரிந்தாள். விழுந்துவிடப் போகிறாளே என்று முன்கையைப் பற்றி இழுத்தேன். பிடித்தது நழுவியது. சோப்பு வழுக்குகிறது என்று நினைத்தேன். பார்த்தால், காய்ச்சின பாலில் ஆடை ஒதுங்குமே, அப்படித் தோல் ஒதுங்கி என் விரலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் என் மகன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அக்கா அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ் மேலே இருந்த விரல் அச்சையும் பார்த்துவிட்டாள். "பெரியம்மா, கொஞ்சம் வெளியே இருங்க" என்றாள். நான் வெளியே போகிறவளா? கதவோரமே நின்றேன். அந்தப் பெண் அக்காவிடம் குனிந்து, என்னைக் கையால் காட்டி, தணிந்த குரலில் கேட்டாள்.

"பாட்டி, இவங்க உங்களை அடிச்சாங்களா?"

"ஆமா" என்றாள் அக்கா.

"இல்லம்மா, நான் அடிக்கலை, தூக்கறப்ப ஆச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது, அது யாருடைய வார்த்தை என்று. நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், நான் உன்னைப் பார்த்தேனே. என் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளை, அவனுக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம்.

பிறகு தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசு டாக்டரம்மா, சிரித்த முகம். அவர் அக்காவிடம் பசிக்குதா என்றார், ஆமா. நீங்க ஆம்பளையா என்றார், ஆமா. நான் செய்ய மறுத்த சோதனையை அவர் விளையாட்டு மாதிரி செய்து முடித்துவிட்டார்.

பேனா அளவில் ஒரு குழாய் வைத்திருக்கிறார். அதைத் தோலில் வைத்தால் கொஞ்சமாக உறிஞ்சி மேலே தூக்கி விட்டுவிடுகிறது. எவ்வளவு உயரம் எழும்புகிறது, விட்டதும் எவ்வளவு சீக்கிரம் பழையபடி படிகிறது என்று திரையில் கோடு போடுகிறது. முதலில் என் மகன் கை. எழும்பிய வேகத்தில் படிந்துவிட்டது. அக்காவின் கையில் எழும்பியது இறங்க மனசில்லாமல் இறங்கியது. "உங்க கையையும் கொடுங்க" என்றார். கொடுத்தேன். என் வயசைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும், நீயும் கேலி செய்திருக்கிறாய். அந்தக் கோடு என் மகன் கோட்டுக்குப் பக்கத்தில் போகவில்லை. அக்காவின் கோட்டுக்குப் பக்கத்தில்தான் போயிற்று.

நான் விடவில்லை. எங்க அத்தான் இவளைவிட மூத்தவர், அதே மாத்திரை, அதே ஆள்தான் தூக்குகிறாள், அவருக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று கேட்டேன். டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தவரை இது. ஆண்பிள்ளைத் தோல் இளமையிலேயே தடிப்பு. வயசாக ஆக அதுவும் மெலிகிறது, ஆனால் நிதானமாக மெலிகிறது. பொம்பளைக்கு மாதவிலக்கு நிற்கிறவரை தோல் தாக்குப்பிடிக்கும். நின்ற பிறகு உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிற நார் சில வருஷத்திலேயே மளமளவென்று குறைந்துபோகிறதாம். நார் போனால் இரத்தக் குழாய்க்கு முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லை, லேசாக அழுத்தினாலும் உள்ளே உடைந்து கறை கட்டுகிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்றும் சொன்னார். "அப்ப இதைப் பார்த்தா அடிச்சதுன்னு சொல்லலாமா, பிடிச்சதுன்னு சொல்லலாமா?" என்றேன்.

"தோலைப் பார்த்து அதைச் சொல்ல முடியாதும்மா. அதனாலதான் நாங்க கேக்கறோம்" என்றார்.

நீ முதல் நாளே சொன்னாய். மோதிரத்தைக் கழற்று என்று எழுதினாய். ஆயாவைக் கூப்பிடு என்று கெஞ்சினாய். நான் உன்னை வீதியில் நிறுத்தினேன். உன் புருஷனிடம் நேற்றே பேசி, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த வார்த்தையை நான் இதற்கு முன்னால் எழுதியதில்லை, அதனால் எழுத்தே புதுசாகத் தெரிகிறது.

அக்காவை உன்னிடமே கூட்டிவருகிறேன். எப்போது வரலாம் என்று எழுது.

சின்னத்தை


ஜூலை 8

சின்னத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்து அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் என்று நினைப்பீர்கள். நானும் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டீர்கள். வாங்கிக்கொள்ள எனக்குக் கை நீளவில்லை. காரணத்தைச் சொல்லாமல் அத்தையை வரச் சொல்ல முடியாது.

அத்தையை நான் ஒரு நாளும் கோபத்தோடு தொட்டதில்லை. அவர் உடம்பைக் கொடுத்துவிடுவார். இடது பக்கம் திருப்பினால் திரும்புவார். நான் பிடித்தது எல்லாம் அவர் விழாமல் இருக்கப் பிடித்ததுதான்.

மாமா அப்படி இல்லை. உங்களுக்குக் கேலி பேசுகிற அத்தானைத்தான் தெரியும். துணி மாற்றப் போனால் உடம்பை விறைத்துக்கொள்வார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். டம்ளரை வீசுவார். என் அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொல்வார், அதை எழுத மாட்டேன். கடைக்கு நேரமாகியிருக்கும், அத்தை நனைந்து படுத்திருப்பார், இவர் கம்பியை விடமாட்டார். நான் அவர் கையை முறுக்கிப் பிரித்திருக்கிறேன். மணிக்கட்டைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை. ஏப்ரலில் ஒரு நாள் முதுகில் ஓங்கி அறைந்தேன். என் உள்ளங்கை எரிந்தது. அவர் உடனே கம்பியை விட்டுவிட்டார்.

மறுநாள் பயந்துகொண்டே சட்டையை விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சிவப்புகூட இல்லை. அப்படியானால் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டதால்தான் அடுத்த தடவை முறுக்க முடிந்தது.

அன்று நீங்கள் அவர் சட்டையை விலக்கி, ஒரு கறை இல்லை என்று காட்டினீர்களே, அப்போது எனக்கு ஏப்ரலில் அறைந்ததுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் என்னைத் தெருவில் திட்டியபோது நான் ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று கேட்டீர்களா? நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரிதான், ஆள் மட்டும்தான் மாறியிருந்தது.

கடையில் எல்லாரும் என் கைகளைப் பார்த்தபோதும் அதனால்தான் கோபம் வரவில்லை.

அத்தை போன பிறகு மாமா விறைப்பதில்லை. சொன்ன பக்கம் திரும்புகிறார். எனக்கு அது இன்னும் பயமாக இருக்கிறது.

நான் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியப் போவதில்லை. எந்த டாக்டரின் குழாயும் அதைக் கண்டுபிடிக்காது. தெரிந்துகொண்டு, பிறகும் உங்கள் அக்காவை இந்த வீட்டுக்கு அனுப்புவதானால் அனுப்புங்கள்.

உங்கள் அக்கா மருமகள்


ஜூலை 12

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. என் மகன் உடம்பு சரியில்லையா என்று கேட்டான். ஆமா என்றேன்.

அத்தானை அடித்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் அக்காவின் கையைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பாதியாவது, ஒரே ஆளாக இரண்டு கட்டிலைப் பார்க்கிறாளே என்று உன் முகத்தைப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும். அதை நான் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

நேற்று நீ கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, உன் பக்கத்து வீட்டம்மாளின் போனில் அத்தானிடம் பேசினேன். சுற்றி வளைக்கவில்லை. "அத்தான், அவ உங்களை அடிச்சாளா?" என்றேன். அவருக்கு அக்கா மாதிரி இல்லை, எல்லா வார்த்தையும் இருக்கிறது.

"உங்க அக்கா இருந்தா நான் கம்பியைப் பிடிச்சுப்பேன்" என்றார். "அவ பாக்க என்னைத் திருப்பிப் போட்டுத் துடைப்பாங்க. அம்பது வருஷமா என்னை அப்படிப் பாத்தது இல்ல அவ."

அதற்கு மேல் கேட்காதே என்கிற மாதிரி போனை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டார்.

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு திரை வேண்டும். தச்சரிடம் சட்டம் அடிக்கச் சொல். துணி நான் கொண்டுவருகிறேன். ஆயாவையும் கூட்டிவருகிறேன், என்னைக் கையைப் பிடித்துக் கெஞ்ச வைத்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாள். தெருவில் என்னால் ஆனதை நான் வந்து அதே இடத்தில் நின்று சரிசெய்கிறேன். கடைக்காரரிடமும் பேசுகிறேன். ஆனால் அத்தானிடம் செய்ததை நீதான் அவரிடமும் உன் புருஷனிடமும் சொல்ல வேண்டும். அதை நான் சொல்லமாட்டேன், சொல்லாமல் இருக்கவும் விடமாட்டேன்.

வியாழக்கிழமை வருகிறோம். கொஞ்ச நாள் தங்குவேன், எவ்வளவு நாள் என்று கேட்காதே. மாமாவைத் தூக்க இனி நீ தனியாகப் போக வேண்டாம். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்.

சின்னத்தை